ஒன்பது கிரகம், ஒரு பஸ், ஒரு உச்சிவேளை

நவக்கிரகங்களில் யாருக்குப் பலம் அதிகம்? ஜோதிடரைக் கேட்டால் சனி என்பார், குரு என்பார். கும்பகோணத்தில் நவக்கிரக யாத்திரை பஸ் விடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "மத்தியானம் நடை சாத்துற குருக்களுக்குத்தான் சார்!"

பின்னே? மேற்கே திருவையாறு பக்கம் திங்களூர். கிழக்கே பூம்புகாரை ஒட்டிக் கீழப்பெரும்பள்ளம். எல்லை தாண்டிக் காரைக்காலில் திருநள்ளாறு. நடுவில் இன்னும் ஆறு. எல்லாவற்றையும் ஒரே பகலில் முடித்தாக வேண்டும். ஆனால் பன்னிரண்டு மணி தொட்டு ஒவ்வொரு கோயிலாகக் கதவு சாத்துவார்கள். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். ஞாயிறில் தொடங்கி சனியில் முடியும் கிழமை வரிசையெல்லாம் கோயில் சுவரில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பஸ் ஓடுவது நடைதிறப்பு வரிசையில்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, அப்படி ஒரு அமைப்பாளர் வீட்டுக் கூடத்தில் மூக்கை நுழைக்க அனுமதி கிடைத்தது. ஆஹா, என்ன களேபரம்! ஒரு மூலையில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள் பொட்டலம் கட்டுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒன்பது பொட்டலம். சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்குப் பச்சரிசி, செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. பொட்டலத்தின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ஊர்ப் பெயர். சின்னப் பெண் ஒருத்தி மொச்சையையும் கொண்டைக்கடலையையும் மாற்றிப் போட்டுவிட, பெரியம்மா பதறினார்: "அடியே, தேவகுருவுக்கும் அசுரகுருவுக்கும் ஏற்கெனவே ஆகாது. நீ வேற கோள் மூட்டாதே!"

அடுக்களையில் அதைவிட அமர்க்களம். காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. மதியத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம். வெங்காயம், பூண்டு கிடையாது. சட்னிக்கும் தடை. அது கெட்டுவிடும் என்பதை விட, பஸ் குலுங்கும்போது யார் புடவையில் கொட்டும் என்பதே பெரிய பயம். தயிர்சாதத்தில் பாலைத் தூக்கலாக ஊற்றிக் கொஞ்சம்போலத் தயிர் விட்டுப் பிசைகிறார் சமையல்காரர். மத்தியானத்துக்குள் அதுவே தோய்ந்து பக்குவத்துக்கு வந்துவிடுமாம்.

அமைப்பாளரோ இதில் எதையும் கவனிக்கவில்லை. அவர் கையில் சீட் சார்ட். பார்த்தால் ஏதோ கூட்டணித் தொகுதிப் பங்கீடு நடப்பதுபோல அழித்து அழித்து எழுதியிருந்தது. குமட்டல்காரர்கள் முன்னால். முழங்கால் வலிக்காரர்கள் படிக்கட்டுக்குப் பக்கம். சம்பந்திகள் இருவரைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன், சிரித்தார், அவ்வளவுதான். கடைசி வரிசை இளவட்டங்களுக்கு. தலை எண்ணுவதற்கும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பொறுப்பு. "பக்கத்து ஆள் வந்தாச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி, பதில் வராத சீட்டை மட்டும் பார்த்தால் போதும்.

சனிக்கிழமையா, ஞாயிறா என்ற பஞ்சாயத்து மட்டும் ஒரு மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. ராகு ஸ்தலமான திருநாகேஸ்வரத்தில் ராகுகால பாலாபிஷேகம்தான் பயணத்தின் உச்சக் காட்சி. ராகுவின் மேனியில் வழியும் பால் நீலமாகத் தெரியும் என்று பக்தர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30-க்கு. அந்த நேரம் பஸ் கடலோரம் போயிருக்கும். சனிக்கிழமை என்றால் காலை 9 மணிக்கே வந்துவிடும், அச்சாகப் பொருந்தும். ஆனால் அன்றைக்குத் திருநள்ளாற்றில் சனி பகவானைப் பார்க்க வரும் கூட்டம்! ராகுவுக்காக சனியிடம் மாட்டிக்கொள்வதா என்ற கேள்விக்கு இவர் சனிக்கிழமை என்றே தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

அரசுக்கும் இந்த ஆசை வந்தது. 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட்டது. தொடக்கக் கட்டணம் 750 ரூபாய். காலை 5 மணிக்குப் புறப்பாடு, முதல் நிறுத்தம் திங்களூர். இவருடைய பஸ்ஸும் அங்கேதான் முதலில் போகிறது. மேற்கே இருக்கும் ஒற்றைக் கோயிலை விடியலிலேயே முடித்துவிட்டால், அப்புறம் ஆலங்குடி தொட்டுக் கிழக்குப் பார்த்தே ஓடலாம்.

மறுநாள் நானும் தொற்றிக்கொண்டேன். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம் வரை எல்லாம் ஜோர். சூரியனார்கோயிலுக்கு முன்னால் பஸ் திடீரென்று திரும்பியது. பட்டியலில் இல்லாத பத்தாவது கோயில்! சூரியனாரைச் சேவிக்குமுன் திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரைக் கும்பிட வேண்டும் என்பது மரபு. நோட்டீசில் போட்டால் 'பத்துக் கோயிலா' என்று மிரளுவார்களாம். அதனால் அந்த நேரத்தைச் சூரியன் கணக்கிலேயே ஒளித்து வைத்திருக்கிறார். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயிலான சூரியனார்கோயிலில் ஒன்பது பேருக்கும் தனித்தனிச் சந்நிதி உண்டு. "அப்போ இதோட முடிச்சிக்கலாமே?" என்று ஒருவர் கேட்டார். அமைப்பாளர் பார்த்த பார்வையில் சனி தோற்றார்.

கஞ்சனூரில் கர்ப்பூரம் காட்டி முடிப்பதற்குள் வண்டி உறுமத் தொடங்கிவிட்டது. நடை சாத்துமுன் வைத்தீஸ்வரன்கோயில்! செவ்வாயைப் பார்த்தாயிற்று, குளத்தில் வெல்லம் கரைத்தாயிற்று. அதற்கப்புறம்தான் உண்மையான ஆபத்து. மணி நாலாகும்வரை எங்கும் போக முடியாது; தெருவெங்கும் நாடி ஜோதிடப் பலகைகள். ஆண் என்றால் வலது கட்டைவிரல், பெண் என்றால் இடது கட்டைவிரல் ரேகை கொடுத்துவிட்டு ஓலை தேடச் சொல்லி உட்கார்ந்தால், எழுந்திருக்கிற நேரம் யாருக்கும் தெரியாது. இதற்காகவே பக்கத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்துவைத்து, சாப்பாடு, கழிப்பறை, ஒரு குட்டித் தூக்கம் என்று எல்லோரையும் அணைகட்டித் தடுக்கிறார். தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: "ஓலை கிடைக்கிற நேரம் உங்க விதியில இருக்கு. பஸ் கிளம்புற நேரம் என் கையில இருக்கு."

நாலு மணிக்குத் திருவெண்காடு. புதனுக்குப் பச்சைப்பயறு போய்ச் சேர்ந்தது. கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவுக்குக் கொள்ளு. இருட்டுகிற நேரத்தில் காரைக்கால் எல்லை. இங்கே டிரைவர் முகத்தில் ஒரு தனிக் களை. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் டீசல் விலை குறைவு, டேங்க் நிரம்பும்! தமிழ்நாட்டு பர்மிட் மட்டும் உள்ள பஸ் என்றால், இந்தக் கொஞ்ச தூரத்துக்காகத் தனி பர்மிட் எடுத்து, அதன் நகலைக் கண்ணாடி ஓரம் செருகிவைக்க வேண்டும். சனீஸ்வரனைத் தரிசித்தபின் வேறெங்கும் தங்காமல் நேரே வீடு போக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அமைப்பாளருக்கு அதைப்போல வசதியான சாஸ்திரம் வேறு கிடையாது. கடைசியில் 'இன்னும் ஒரே ஒரு கோயில்' என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆனால் காரைக்காலில் மலிவு டீசல் மட்டும் இல்லையே. திரும்பும்போது எல்லையில் சோதனைச்சாவடி. அதற்கு முன்பே மைக்கைப் பிடித்தார்: "பையில யாராவது ஏதாவது வாங்கி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. அங்க போலீஸ் ஏறிப் பார்த்தா எல்லாருக்கும் லேட்டு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நடு வரிசையிலிருந்து ஒரு பாட்டி கையைத் தூக்கினார். "எங்கிட்ட சுக்கிரனுக்குக் கொடுக்க மறந்த மொச்சை இருக்கு தம்பி. அதுக்கும் கேஸ் போடுவாளா?"