உறைய வைத்த ரொட்டி சானாய்

எங்கள் வீட்டில் பசியாறுவதற்கு இப்போதெல்லாம் பெட்டியில் உறைய வைத்த ரொட்டி சானாய்தான். "ஐஸில் வைத்தால் சத்து போய்விடுமே" என்பார் இனிப்பு நீர் உள்ள என் கணவர். குளிரின் மேல் பழியில்லை, அன்பர்களே! பூஜ்யத்திற்குக் கீழே 18 பாகை செல்சியஸில் கிருமிகள் பெருகா. மாவின் சத்தும் அதிகம் குறையாது.

குறை மாவிலேயே இருக்கிறது. தவிடு நீக்கியதால் நார்ச்சத்து சொற்பம். மாவுச்சத்தோ உடலில் சர்க்கரையாகும். மடிப்புக்கு மடிப்பு சேர்த்த கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு.

பெட்டியின் அட்டவணையில் கணக்கு 100 கிராமுக்கா, ஒரு ரொட்டிக்கா என்று பாருங்கள், நானே ஏமாந்திருக்கிறேன். சுடும்போது எண்ணெய் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பே உருகும். அவருக்கு ஒன்றுதான், கூடவே கெட்டிப் பருப்புக் கறி. இரண்டாவதைக் கேட்கத்தான் செய்கிறார்.