பிள்ளை வெல்வது யாருக்காக?

பாடசாலை விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு படமாவது பார்ப்பது வழக்கம். பெரியவர்களும் சிறியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, இடையில் ரிமோட்டைத் தேடி ஓடாமல் பார்க்கக்கூடிய படம் கிடைப்பதுதான் கஷ்டம். இம்முறை கிடைத்தது பழைய படம் ஒன்று. 1993 இல் அமெரிக்காவில் வெளிவந்த “சேர்ச்சிங் போர் பொபி பிஷர்”. இங்கிலாந்தில் இதே படம் “இனொசன்ட் மூவ்ஸ்” என்ற பெயரில் ஓடியது. படம் முடிந்த பின்னர்தான் உண்மையான சண்டையே தொடங்கியது. இஷாவுக்குப் பிறகும் ஓயாத அந்தக் கதையைத்தான் வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் படத்தின் கதை. நியூயோர்க் நகரின் வொஷிங்டன் சதுக்கப் பூங்காவில் சதுரங்கம் ஆடும் கூட்டமொன்று உண்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேக ஆட்டம், காசும் கைமாறும். ஏழு வயதுச் சிறுவன் ஜொஷ் அங்கே நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொள்கிறான். தந்தை விளையாட்டுச் செய்தி எழுதும் பத்திரிகையாளர். மகனுக்கு ஆடத் தெரியுமாம் என்று கேள்விப்பட்டுப் பலகையை விரிக்கிறார். மகன் தோற்கிறான். தாய்க்குத்தான் விஷயம் விளங்குகிறது. தகப்பனை வெல்லப் பிள்ளைக்கு மனம் வரவில்லை! திரும்ப ஆடச் சொல்கிறாள். இரண்டாம் முறை தந்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசிக்க, மகனோ தன்பாட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இடையிடையே வந்து காயை நகர்த்திவிட்டுப் போகிறான்.

அத்தோடு அந்த வீட்டின் நிம்மதி போய்விடுகிறது. புரூஸ் பண்டோல்பினி என்ற ஆசிரியரைத் தந்தை தேடிப் பிடிக்கிறார். பென் கிங்ஸ்லிதான் ஆசிரியர். பூங்காவில் வின்னி என்ற ஆட்டக்காரன் “பயப்படாமல் பாய்ந்து அடி” என்று பழக்கியிருக்கிறான். ஆசிரியரோ காய்களையெல்லாம் பலகையிலிருந்து தட்டிவிட்டு, வெறும் பலகையைப் பார்த்து மனதில் யோசிக்கச் சொல்கிறார். பூங்காவுக்குப் போகவும் தடை. கிண்ணங்கள் வந்து குவிகின்றன. தந்தையின் முகத்தில் ஒரு பசி தெரியத் தொடங்குகிறது. பிறகு ஜொஷ் தோற்கத் தொடங்குகிறான்.

இது கற்பனைக் கதையல்ல. ஜொஷ் வெயிட்ஸ்கின் 1976 இல் பிறந்த நிஜப் பிள்ளை. தந்தை பிரெட் வெயிட்ஸ்கின் 1988 இல் எழுதிய நூலை வைத்தே ஸ்டீவன் செய்லியன் படத்தை எடுத்தார். பண்டோல்பினியும் நிஜ மனிதர்தான். ஜொஷ் ஆக நடித்த மெக்ஸ் பொமெரன்க் என்ற சிறுவனும் சதுரங்கத்தில் கெட்டிக்காரன். அதனால்தானோ என்னவோ, அவன் காயைத் தொடும் விதத்தில் நடிப்பே தெரியவில்லை.

இனி எங்கள் வீட்டுப் பார்வையாளர்களின் கருத்துக்கு வருவோம்.

பக்கத்து வீட்டு ஆசிரியை ஒரு காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஜொஷ் உடைய வகுப்பு ஆசிரியை, பிள்ளையின் கவனமெல்லாம் இந்தச் சதுரங்கத்தில் போகிறது, நண்பர்களோடும் முன்போல இல்லை என்று பெற்றோரை அழைத்துப் பக்குவமாகச் சொல்கிறாள். தந்தைக்குச் சுருக்கென்று ஏறிவிடுகிறது. என் வாழ்நாளில் நான் எதிலும் காட்டாத திறமையை என் மகன் இதில் காட்டுகிறான் என்று சீறுகிறார். பாடசாலையையும் மாற்றிவிடுகிறார். “இருபத்தைந்து வருஷமாகப் புலமைப்பரிசில் வகுப்புப் படிப்பிக்கிறேன். இந்தத் தகப்பனை எத்தனை தரம் கண்டிருக்கிறேன்! சில நேரம் அவர் சாரி உடுத்தும் வருவார்” என்றார் ஆசிரியை. சிரிப்பு வந்தாலும், எங்களில் இரண்டு பேர் சிரிக்கவில்லை.

நானா பாடசாலை நாட்களில் சதுரங்கக் குழுவில் இருந்தவர். அவருக்குப் படம் பிடிக்கவேயில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முறைப்பாடுகள் நிறைய. பெரிய போட்டியில் ஆடும் பிள்ளைகள் இப்படிக் காயை ‘டப்’ என்று அடித்து வைப்பதில்லையாம். இப்படிக் கதைத்துக்கொண்டும் ஆட மாட்டார்களாம். கடைசி ஆட்டத்தில் அந்த வயதுப் பிள்ளை பன்னிரண்டு நகர்த்தல்களை முன்கூட்டியே காண்பது சினிமாவுக்குத்தான் சரியாம். சதுரங்கம் தெரிந்த பலரும் இதே குறைகளைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சதுரங்கத்தில் குதிரை எப்படிப் பாயும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் பலகையைக் காட்டும் நேரத்தைவிட முகங்களைக் காட்டும் நேரமே அதிகமென்பதால், ஆட்டம் தெரியாத நானும் கடைசிவரை பார்த்தேன். அந்த ஒளிப்பதிவுக்காகக் கொன்ராட் ஹோல் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது நியாயம்தான்.

ராத்தாவுக்குத் தாயின் பாத்திரம். ஜோன் அலன் நடித்திருக்கிறார். படத்தின் முதற்பாதியில் அந்தத் தாய் அதிகம் பேசுவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மாநிலப் போட்டிக்கு முதல்நாள் இரவு ஜொஷ், ஆகச் சிறந்தவனாக இல்லாமல் இருந்தால் தோற்றாலும் பரவாயில்லைதானே என்று தந்தையிடம் கேட்கிறான். மறுநாள் முதற் சுற்றிலேயே, ஒரு சாதாரண ஆட்டக்காரனிடம் சில நகர்த்தல்களில் தோற்கிறான். வெளியே மழையில் நிறுத்தி வைத்து, எப்படித் தோற்றாய் என்று தந்தை கேட்கும் காட்சியைத் தாய்மார் லேசில் மறக்க மாட்டார்கள். பிறகுதான் தாய் வாய் திறக்கிறாள். பிள்ளை பயப்படுவது தோல்விக்கு அல்ல, உங்கள் அன்பு போய்விடும் என்றுதான் பயப்படுகிறான் என்று கணவனுக்கு எடுத்துச் சொல்கிறாள். அவனிடமுள்ள நல்ல மனதை அடித்துத் துரத்தப் பார்த்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொல்கிறாள்.

“இவ்வளவு நாளும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்?” என்பது ராத்தாவின் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் படம் அவளுக்கு இன்னொரு காட்சியும் கொடுத்திருக்கிறது. ஆசிரியர் ஒரு சான்றிதழைக் காட்டி, புள்ளிகள் சேர்த்தால் இது உனக்கு என்று ஆசை காட்டி வந்தவர். ஒருநாள், எதிரியை வெறுக்கப் பழகு, பிஷர் உலகத்தையே வெறுத்தான் என்று ஜொஷுக்குச் சொல்கிறார். நான் அவர் அல்ல என்கிறான் பிள்ளை. கோபம் வந்த ஆசிரியர், அந்தச் சான்றிதழின் பிரதிகளைக் கட்டாக எடுத்துப் போட்டு, இது வெறும் காகிதம், உன் பெயரை நீயே எழுதிக்கொள் என்கிறார். ஜொஷ் இன் முகத்தைப் பார்க்க முடியாது. கேட்டுக்கொண்டிருந்த தாய் கத்தவில்லை. வீட்டை விட்டு வெளியே போங்கள் என்று ஆசிரியரிடம் சொல்கிறாள். அவ்வளவுதான். ஊரறிந்த ஆசிரியரை, கட்டணம் கொடுத்து வரவழைத்த ஆசிரியரை, அப்படிச் சொல்ல எங்களில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ராத்தா இதற்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய மகன் வாரத்தில் ஐந்து நாள் மேலதிக வகுப்புக்குப் போகிறவன்.

போட்டி நடக்கும் இடத்தில் கலாட்டா செய்யும் பெற்றோரைத் தனியறையில் போட்டுப் பூட்ட, பிள்ளைகள் ஆரவாரம் செய்யும் காட்சிக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டினார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உம்மும்மாவுக்குப் பூங்காவில் காசு வைத்து ஆடுவது ஆகவில்லை. “சின்னப் புள்ளய அந்த இடத்துக்கு விடலாமா?” என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். வின்னி நல்ல மனுஷன் என்று பிள்ளைகள் வாதாடியும் அவர் ஏற்கவில்லை. அதிலே அவர் சொல்வதைத் தள்ளவும் முடியாது.

பெரிய விவாதம் முடிவைப் பற்றியது. இறுதி ஆட்டத்தில் ஜொஷ் இற்கு எதிரே ஜொனதன் போ என்ற சிறுவன். அவனுக்குச் சதுரங்கமே உலகம். வெற்றி கைக்கு வந்துவிட்டதென்று ஜொஷ் காண்கிறான். எதிரே இருப்பவன் அதைக் காணவில்லை. அப்போது ஜொஷ் கையை நீட்டி, சமநிலையாக முடித்து இருவரும் பட்டத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்கிறான். மற்றவன் மறுக்கிறான், தோற்கிறான். நானா, “வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு எவனும் அப்படிக் கேட்க மாட்டான்” என்றார். ஆசிரியைக்கோ கண் கலங்கிவிட்டது. ராத்தா மூன்றாவதாக ஒன்று சொன்னார்: “அது இரக்கமா, பெருமையா? நீ தோற்கப்போகிறாய் என்று சொல்லித்தானே கையை நீட்டுகிறான்?” எனக்கு இரண்டும் கலந்ததாகவே படுகிறது. ஏழெட்டு வயதில் யாருடைய மனது ஒரே நிறமாக இருக்கிறது?

உண்மையில் நடந்தது வேறு. போ என்ற பாத்திரம் ஜெவ் சார்வர் என்ற கனேடியச் சிறுவனைத் தழுவியது. 1986 இல் இருவரும் ஆடிய அந்த ஆட்டம் சமநிலையில்தான் முடிந்தது. யாரும் தோற்கவில்லை! அதே ஆண்டு பத்து வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தையும் சார்வர் வென்றான். படத்துக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால், அந்தப் பிள்ளை தோற்றவனாகவும் முரடனாகவும் திரையில் நின்றுவிட்டான். நல்ல மனதைப் பற்றிய படம், நிஜமான ஒரு பிள்ளைக்கு அந்த நல்ல மனதைக் காட்டவில்லை. இந்தப் படத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுவே.

ஜொஷ் இன் கதையும் படத்தோடு முடியவில்லை. படம் வெளிவந்த 1993 இல் அவர் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார், வயது பதினாறு. அதன்பின் போட்டிக்குப் போகுமிடமெல்லாம் கமெராவும் கையெழுத்துக் கேட்கும் கூட்டமும். ஆட்டத்தில் மனம் ஒன்றாமல் போனதையும், தன் இயல்புக்கு ஒவ்வாத பாணியில் பயிற்றப்பட்டதையும் 2007 இல் வெளிவந்த தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். கிராண்ட்மாஸ்டர் ஆகாமலேயே போட்டிச் சதுரங்கத்தை விட்டார். சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சிக்குத் திரும்பி, 2004 இல் அதில் உலகப் பட்டம் வென்றார். பிள்ளையின் தலையில் பெரியவர்களின் ஆசையை ஏற்றாதீர்கள் என்று சொன்ன படமே அந்தப் பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்ததை என்னவென்பது!

படத்தின் பெயரிலுள்ள பொபி பிஷர் 1972 இல் ஐஸ்லாந்தில் ஸ்பாஸ்கியை வென்று உலகச் சம்பியனானவர். 1975 இல் ஆடாமலேயே பட்டத்தை இழந்தார். நீண்ட காலம் மறைந்து வாழ்ந்து, 1992 இல் ஒருமுறை திரும்பி வந்து ஆடினார். 2008 இல் அதே ஐஸ்லாந்தில் காலமானார். படத்தில் அவர் பழைய துண்டுப் படங்களில் மட்டுமே வருகிறார். ஆனாலும் அவருடைய நிழல் ஒவ்வொரு காட்சியிலும் விழுகிறது. தந்தை தேடுவது அந்தக் கெட்டிக்காரனை. தாய் பயப்படுவது அந்தத் தனிமைக்கு.

நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டிருக்க, உம்மும்மா தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு ஒன்று கேட்டார்: “அந்த மத்தப் புள்ளட உம்மா எங்க? தோத்துட்டு அவன் யாரோட ஊட்டுக்குப் போற?”

படத்தில் அந்தப் பிள்ளையை ஆசிரியர்தான் கூட்டிக்கொண்டு திரிகிறார். தாயை நாம் காண்பதில்லை. இவ்வளவு நேரம் கதைத்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அன்றிரவு ராத்தாவின் மகன் அலுமாரியின் மேலிருந்து பழைய சதுரங்கப் பலகையை இறக்கி வந்தான். ஒரு சிப்பாய் குறைந்தது. அதற்குப் பதிலாக ஒரு பொத்தானை வைத்தார்கள். உம்மாவும் மகனும் ஆடினார்கள். ராத்தா வென்றுவிட்டார். வென்றவர் சந்தோஷப்படாமல் மகனின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“மகன், நீ வேணுமென்டா தோத்த?”

“இல்ல உம்மா. ராணி நிக்கிறத நான் காணல்ல. இன்னொரு ஆட்டம் போடுவமா?”

மணி பத்தரை. மறுநாள் காலை வகுப்பிருந்தது. ராத்தா காய்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.