புது வெண்டாரும் புது கம்ப்யூட்டரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு இது தெரிந்த கதை. புது வெண்டாரின் சரக்கு என்றால் ஒவ்வொரு பீஸையும் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். சில லாட் ரிஜெக்ஷன் இல்லாமல் போனால் சாம்பிள் மட்டும். ஒரு லாட் சொதப்பினால் மறுபடி முழுச் சோதனை.

முன்பின் தெரியாத கம்ப்யூட்டர்களை நம்பி வேலை கொடுக்கும் வலையமைப்பும் இப்படித்தான். 1999இல் பெர்க்லியில் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’, வேற்றுக்கிரகச் சிக்னல் தேடுவதற்காக அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் தரவைத் துண்டு போட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பியது. கூலி கிடையாது, புள்ளிதான். அந்தப் புள்ளிக்காகக் கணக்கே போடாமல் பொய் விடை அனுப்பியவர்களும் உண்டு. பட்டியலில் மேலே பெயர் வரும் என்றால் மனுஷன் என்ன வேண்டுமானாலும் செய்வான்!

பின்னால் வந்த ‘பாய்ங்க்’ மென்பொருள் ஒரே துண்டை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டது. ஒத்துவராவிட்டால் மூன்றாவதற்குப் போகும். பிராசசர் வேறானால் நேர்மையான இயந்திரங்களே கடைசித் தசமத்தில் வேறுபடும். அதனால் இங்கும் டாலரன்ஸ் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் இருமுறை செய்தால் பாதி உழைப்பு வீண். எனவே தொடர்ந்து சரியான விடை தருபவருக்குச் சோதனை குறையும், எப்போதாவது சொல்லாமல் ஒன்று நடக்கும். ஒரு தவறு சிக்கினால் சரியான விடைகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். நற்பெயர் என்று என்னதான் சொன்னாலும், எனக்கு இது சோதனைச் செலவைக் குறைக்கும் ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

நடுவில் சரிபார்க்க ஆளே இல்லாத வலையில்? 2003இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘ஐகன்டிரஸ்ட்’ என்ற முறை, பழகியவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கிறது. சொல்பவரின் மதிப்பைப் பொறுத்தே அவர் சொல்லுக்கு எடை. நாலு பேர் கூட்டுச் சேர்ந்து ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டால் கெட்டது. ஆகவே நம்பகமான சிலரை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறார்கள்.

டீயைக் குடியுங்கள், பெரிய சிக்கல் இனிமேல்தான். அடையாளம் தரும் மையம் இல்லாவிட்டால், ஒரே ஆள் ஆயிரம் பெயரில் நுழைவதைத் தடுப்பது நடைமுறையில் ஆகாது என்று 2002இலேயே ஆய்வாளர் ஜான் டூசர் காட்டிவிட்டார். சிப்காட்டில் பெயர் கெட்டவர் மனைவி பெயரில் கம்பெனி தொடங்கலாம்தான். ஆனால் ஜிஎஸ்டி எண், ஷெட், மெஷின் என்று செலவு இருக்கிறது. வலையில் புதுப் பெயருக்குக் காசே வேண்டாம். அதனால்தான் புதியவரை அடிமட்டத்தில் நிறுத்துகிறார்கள். கெட்ட பெயரை உதறிவிட்டு வருவதில் லாபம் இருக்கக் கூடாதே. அதற்கான விலையை நேர்மையான புதியவரும் சேர்ந்து கட்டுகிறார் என்று 2001இல் ஆய்வாளர்கள் ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் கணக்குப் போட்டே எழுதினார்கள்.