குடும்பத் தலைவரும் சபைத் தலைவரும்

சபைக் குழுவுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் காலம் வருந்தோறும் நம் கிறித்தவ அன்பர்களிடையே ஒரு பேச்சு எழுவதுண்டு. நன்றாகப் பேச வல்லவர் யார், தாராளமாக நன்கொடை கொடுப்பவர் யார், அலுவலகங்களில் செல்வாக்குடையவர் யார் என்று ஆராய்கிறோம். இவை தள்ளத்தக்க தகுதிகள் அல்ல. ஆயினும், திருச்சபையின் தொடக்க காலத்திலேயே இவற்றுக்கு முன்னே வைக்கப்பெற்ற தகுதி ஒன்று உண்டு. அவர் வீடு எவ்வாறு இருக்கிறது என்பதே அது. அதனை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், சபையின் கண்காணிக்கும் உதவிக்காரருக்கும் வேண்டிய இயல்புகளை வரிசையாகக் கூறுகிறது. மதுவுக்கு அடிமையாகாமை, பண ஆசையின்மை, சண்டையை விலக்குதல், விருந்தோம்பல் ஆகியவை அவற்றுட் சில. இவை யாவும் முதலில் வீட்டிலே சோதிக்கப்படுவன. தன் குடும்பத்தைச் செவ்வையாக நடத்தத் தெரியாதவரிடம் சபையை ஒப்படைக்கலாகாது என்பது அப்பகுதியின் கருத்து. நம் வள்ளுவப் பெருந்தகையும் இல்லறவியலுக்கு இருபது அதிகாரங்களை வகுத்து அறத்துப்பாலில் வைத்த பிறகே, நாடாளும் முறையைப் பேசும் பொருட்பாலுக்குச் செல்கிறார். வீட்டிலிருந்து நாட்டுக்குச் செல்லும் இம்முறை தமிழர்க்குப் புதியதன்று.

பேணுதல் என்னும் சொல்

அந்நிருபத்தின் கிரேக்க மூலத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வீட்டை நடத்துதலுக்கு ஒரு சொல்லும், சபையைப் பேணுதலுக்கு மற்றொரு சொல்லும் அங்கே ஆளப்பெற்றுள்ளன. இரண்டாம் சொல் புதிய ஏற்பாட்டில் வேறு ஓர் இடத்தில்தான் வருகிறது. அவ்விடம் நல்ல சமாரியனின் கதை. கள்வரால் அடியுண்டு குற்றுயிராய்க் கிடந்த வழிப்போக்கனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சமாரியன் பேணினான் அல்லவா? அந்தப் பேணுதலே சபைத் தலைவரிடமும் எதிர்பார்க்கப்படுகிறது. காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டுவதும், செலவை ஏற்றுக்கொள்வதும், மீண்டும் வந்து பார்ப்பதாகச் சொல்லிச் செல்வதும் அச்சொல்லுக்குள் அடங்கும்.

இதனை எண்ணும்போது, வீட்டை ஆளுதல் என்பதற்கு நம்மில் பலர் கொள்ளும் பொருள் எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும். தந்தை வாசற்படியில் காலெடுத்து வைத்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அறைக்குள் ஒதுங்குவதைச் சிலர் ஒழுங்கு என்று எண்ணிப் பெருமை கொள்கிறார்கள். அது அச்சமேயாம். ஞாயிறன்று ஆலயத்தில் இன்முகம் காட்டி, திங்களன்று மனைவியிடம் கடுஞ்சொல் வீசுபவரைச் சபை அறியாமலிருக்கலாம். அவருடைய மகன் அறிவான். தந்தையின் சமயம் வெளியாருக்கு உடுத்தும் உடை என்று அம்மகன் ஒருமுறை முடிவு செய்துவிட்டால், பின்னர் எத்தனை போதகர் வந்து எடுத்துரைத்தாலும் அவன் செவியில் ஏறுவது அரிது.

மறுபுறம், அன்பு என்ற பெயரால் எதையும் கண்டியாமல் விடுதலும் பேணுதல் ஆகாது. ஏலி என்னும் ஆசாரியர், தம் மக்களாகிய ஓப்னியும் பினெகாசும் ஆலயப் பணியிலேயே செய்த அக்கிரமத்தை அறிந்தும் அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. அவர் வீட்டில் வளர்ந்த சாமுவேல் பெருந்தலைவரானார்; எனினும் அவருடைய மக்கள் நீதிபதிகளாயிருந்து பரிதானம் வாங்கினர். மக்கள் தமக்கு ஓர் அரசன் வேண்டுமென்று கேட்டபோது சொன்ன காரணங்களுள் அதுவும் ஒன்று. வீட்டின் குறை வீட்டோடு நிற்பதில்லை.

தோர்ணக்கல் தந்த பாடம்

தென்னாட்டில் இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, நம்மைப் போலவே பிறமொழி நாட்டில் குடியேறி வாழ்ந்த தமிழர். 1874ஆம் ஆண்டு, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் வேதநாயகம் அவ்வூரில் குருவாயிருந்தவர். மகன் இளம் பருவம் கடக்குமுன்பே, 1889இல், அவர் காலமானார். அதன்பின் மகனை வளர்த்து ஆளாக்கிய பொறுப்பு தாயார் எல்லனைச் சார்ந்தது.

1898இல் அசரியா அன்பு மாரியம்மாளை மணந்தார். அவ்வம்மையார் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் தலைமுறைத் தமிழ்க் கிறித்தவப் பெண்களுள் ஒருவர். அசரியா குருப்பட்டம் பெற்றது 1909இல். ஆகவே குருவாகும் முன்பே ஏறத்தாழப் பதினோராண்டு அவர் இல்லறத்தில் பயின்றார் எனலாம். அவ்வாண்டே அக்குடும்பம் தெலுங்கு நாட்டில், அந்நாளைய நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றது. அங்கே தெலுங்கைக் கற்று, அம்மக்களிடையே வாழ்ந்தார்கள். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அசரியா பேராயராக அபிடேகம் பெற்றார். அவருடைய பணிக்காலத்தில் அத்திருமண்டலத்தின் கிறித்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டிற்று.

நம் கருத்துக்கு மிகவும் இயைவது, குருமாரையும் ஊழியரையும் அங்கே பயிற்றிய முறையாகும். பயிற்சிக்கு வந்தவர்கள் தனியராக வந்து தங்கவில்லை. மனைவி மக்களோடு வந்து தங்கினார்கள். கணவர்க்குப் பாடம் நடந்தது போலவே மனைவியர்க்கும் பாடம் நடந்தது. அன்பு அம்மையார் பெண்களுக்கான பணியில் முன்னின்றார். இதன் காரணம் விளங்காததன்று. தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்டிருந்த மாலர், மாதிகர் முதலிய மக்கள் வாழ்ந்த சிற்றூருக்கு ஓர் ஊழியர் செல்லும்போது, அவ்வூரார் முதலில் காண்பது அவர் பிரசங்கத்தையன்று, அவர் குடும்பத்தையே. மனைவியோடு அவர் எப்படிப் பேசுகிறார், பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறாரா, யாரோடு அமர்ந்து உண்கிறார் என்பவற்றைப் பார்த்தே ஊரார் அவர் சொல்லை எடைபோடுவர்.

நம் நிலை

இனி அடுகோடிக்கு வருவோம். ஓசூர்ச் சாலையை ஒட்டிய இப்பகுதிக்கு, ஆலை வேலையையும் கட்டட வேலையையும் பிற தொழில்களையும் நாடி, தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் நம்மனோர் வந்து சேர்ந்தனர். சொந்த ஊரில் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கப் பாட்டி இருந்தார். கண்டிக்கப் பெரியப்பா இருந்தார். வழி தவறினால் எடுத்துச் சொல்ல ஊரே இருந்தது. இங்கே அப்பொறுப்பு முழுவதும் தாய் தந்தையர் இருவர் மேல் விழுகிறது. தந்தையோ விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்புகிறார். எஞ்சிய மாலைகளையும் சபைக் கூட்டங்களும் சங்கக் கூட்டங்களும் எடுத்துக்கொண்டால், தலைமைக்கு வேண்டிய பயிற்சியைத் தலைமையே பறித்துவிடுகிறது.

மற்றொரு இடரும் உண்டு. நம் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் கற்கிறார்கள். தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் சிலர் இடர்ப்படுகிறார்கள். தந்தை படிக்க, பிள்ளை பொருள் விளங்காமல் தலைகுனிந்திருந்தால் அது குடும்ப ஜெபம் ஆகாது. நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கி, ஒரு சிறு பகுதியை மட்டும் தமிழில் படித்து, பிள்ளை அறிந்த மொழியில் அதன் பொருளைக் கேட்டு வாங்கினால், தமிழும் வளரும், வேதமும் விளங்கும். பிள்ளையின் கேள்விக்குச் சினவாமல் விடை சொல்லப் பழகியவர், சபைக் கூட்டத்தில் எழும் எதிர்ப்பையும் சினவாமல் கேட்பார்.

இத்தகுதியைக் கொண்டு பிறரைக் குற்றஞ்சாட்டக் கிளம்புதல் தகாது. நல்ல தந்தையின் மகனும் தன் விருப்பால் வழி தவறுவதுண்டு. அத்தந்தைக்கு வேண்டுவது ஆறுதல். பவுல் மணம் செய்யாதவராய் வாழ்ந்தவர். துறவு பூண்ட குருமாரும் கன்னியரும் வேறு வழியில் பயிற்சி பெறுகிறார்கள். நிருபத்தைப் பெற்ற தீமோத்தேயுவே, பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் விசுவாசத்தைக் கண்டு வளர்ந்தவர். கணவனை இழந்து, அல்லது கணவன் தொலைவில் இருக்க, தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் அன்னையரும் இப்பள்ளியில் தேறியவர்களே என்று சபை உணரவேண்டும்.

ஆதலின், அடுத்த முறை பொறுப்புக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்கும்போது அவர் இல்லத்தையும் நினைப்போமாக. பொறுப்பை ஏற்க விழையும் அன்பர்கள், விண்ணப்பம் கொடுக்குமுன் தம் மனைவியையும் மக்களையும் அருகில் அமர்த்தி, இப்பணிக்கு நான் ஏற்றவனா என்று ஒருமுறை கேட்கட்டும். அவர்கள் அஞ்சாமல் சொல்லும் விடையைக் கேட்கும் துணிவு உடையவரே, சபையாரின் குரலையும் கேட்க வல்லவராவார்.