ஹீட் பம்ப் புதுசு.. பைப் பழசு! பிரிட்டன் வீடுகளில் கரண்ட் பில்லை முடிவு செய்வது எது?

பிரிட்டனில் குளிர்காலம் வந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் ஓடுவது கேஸ் பாய்லர்தான். அது தண்ணீரைச் சூடாக்கும். அந்தச் சுடுதண்ணீர் பைப் வழியாக அறை அறையாகப் போய், சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டு, கொஞ்சம் ஆறித் திரும்பி வரும். இந்த பாய்லரைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப்பை மாட்டச் சொல்கிறது அந்நாட்டு அரசு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்காக 2022-ல் 5,000 பவுண்டில் தொடங்கிய மானியம், 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்தது. 2028-க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்பது 2020-ல் அறிவிக்கப்பட்ட இலக்கு.

மானியம் வாங்கி மெஷினை மாட்டியாச்சு. இனி பில் குறையுமா, ஏறுமா? அதில் பெரிய பங்கு, தரைக்கு அடியில் கண்ணுக்கே தெரியாமல் ஓடும் பைப்புக்கு இருக்கிறது.

ஏசியைத் திருப்பிப் போட்டால்..

அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவது ஏசி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரில் சேர்ப்பது ஹீட் பம்ப். சரியாக அமைந்தால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் கேஸை விட மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. ஒன்றுக்கு நான்கு கிடைத்தால் லாபம். மூன்றுக்குக் கீழே இறங்கினால், பழைய பாய்லரே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

அந்த நான்கைத் தொட, தண்ணீரை அதிகம் கொதிக்க விடக் கூடாது. பழைய பாய்லர்கள் தண்ணீரை 70, 80 டிகிரிக்கு அனுப்பின. ஹீட் பம்ப்புக்கு 35 முதல் 50 டிகிரிதான் வசதி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் தோராயமாக 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் கூடுதலாகப் போகும்.

பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்

இங்கேதான் பைப் வருகிறது. பாய்லர் வீட்டில் ரேடியேட்டருக்குள் போகும் தண்ணீருக்கும் திரும்பி வரும் தண்ணீருக்கும் 20 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். ஹீட் பம்ப்பில் அது சுமார் 5 டிகிரிதான். அதாவது ஒவ்வொரு லிட்டரும் சுமந்து போகும் வெப்பம் கால்வாசி. இருபது பேரை ஒரே நடையில் பஸ்ஸில் ஏற்றிப் போவதற்கும், ஷேர் ஆட்டோவில் ஐந்து ஐந்து பேராக நான்கு நடை அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஒரு வீட்டுக்கு 6 கிலோவாட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாய்லர் என்றால் நிமிடத்துக்கு சுமார் 4 லிட்டர் தண்ணீர் சுற்றினால் போதும். ஹீட் பம்ப் என்றால் 17 லிட்டர். இதை 15 மி.மீ. செம்புப் பைப்பில் தள்ளினால் தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும். ராத்திரி தூங்க விடாத சத்தம் வரும், பம்ப்பும் திணறும். 22 மி.மீ. பைப்பில் வேகம் சுமார் 0.9 மீட்டர், 28 மி.மீ. பைப்பில் அதுவே 0.5 மீட்டர். மெஷினிலிருந்து வரும் முதல் பைப் தடிமனாக இருக்க வேண்டும் என்று பிளம்பர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

1970-கள் தொடங்கிப் பல வீடுகளில் 8, 10 மி.மீ. ஒல்லிப் பைப்புகளைப் போட்டுவிட்டார்கள். அதையெல்லாம் பிடுங்கித்தான் ஆக வேண்டுமா? எல்லா இடத்திலும் அவசியமில்லை. 10 மி.மீ. பைப், சத்தமில்லாத வேகத்தில் சுமார் 1.2 கிலோவாட் கொண்டு போகும். சின்ன பெட்ரூமுக்கு அது தாராளம். பெரிய ஹாலுக்குப் பத்தாது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது.

நல்லதுக்கு வைத்த டேங்க்

வெளிக்காற்று பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில், ஈரப்பதத்தோடு இருந்தால், வெளியே இருக்கும் யூனிட் மேல் பனி படியும். அதை உருக்க மெஷின் சில நிமிடங்கள் தலைகீழாக ஓடி, வீட்டுக்குள் சுற்றும் தண்ணீரிலிருந்தே சூட்டை எடுத்துக்கொள்ளும். அப்போது சிஸ்டத்தில் போதுமான தண்ணீர் இருக்க வேண்டும். அதற்காக வைப்பதுதான் பஃபர் டேங்க்.

சிக்கல் அதை எப்படி இணைக்கிறார்கள் என்பதில். நான்கு பைப் போட்டு மெஷினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வைத்தால், இருபக்கமும் ஓடும் தண்ணீரின் அளவு ஒத்துப்போக வேண்டும். மெஷின் 17 லிட்டர் அனுப்ப, ரேடியேட்டர் பக்கப் பம்ப் 25 லிட்டர் இழுத்தால், மீதி 8 லிட்டர் எங்கிருந்து வரும்? ஆறித் திரும்பிய தண்ணீர்தான் கலக்கும். 45 டிகிரியில் கிளம்பிய தண்ணீர் 43 டிகிரியாகத்தான் ரேடியேட்டருக்குப் போய்ச் சேரும். 'ரூம் சூடாகலையே' என்று மெஷினில் சூட்டை ஏற்றுவார்கள். பில்லும் கூடவே ஏறும். இடம் இருந்தால், திரும்பி வரும் பைப்பில் மட்டும் டேங்க்கை வரிசையாக மாட்டுவது பல வீடுகளுக்குப் போதும். கலப்பே நடக்காது.

பவர் கட்டும் 3 டிகிரியும்

தண்ணீர்ப் பைப்பே வெளி யூனிட் வரை போகும் மாடல்களில் இன்னொரு பயம் உண்டு. உறைபனி இரவில் கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். மெஷினின் விலை உயர்ந்த பாகம் அங்கேயே வெடிக்கலாம்.

இதற்காக வெளிப் பைப்பில் ஆன்டி-ஃப்ரீஸ் வால்வு வைக்கிறார்கள். தண்ணீர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால், கரண்ட் இல்லாமலே தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். பைப் முழுக்க இன்சுலேஷன் சுற்றுபவர்கள் இந்த வால்வையும் சேர்த்துச் சுற்றிவிடுவது உண்டு. சுற்றக் கூடாது, குளிர் தெரிந்தால்தான் அது திறக்கும். இன்னொரு வழி, தண்ணீரில் கிளைகால் கலப்பது. ஆனால் அது தண்ணீரின் வெப்பம் சுமக்கும் திறனைக் குறைக்கும், பம்ப்புக்கு வேலை கூடும். இரண்டையும் ஒன்றாக வைத்தால், வால்வு திறக்கும் அன்று காசு கொடுத்து ஊற்றிய கிளைகாலும் தோட்டத்தில்தான்.

மற்றபடி, துரு, கசடு பிடிக்கும் காந்த ஃபில்டர், விரியும் தண்ணீரைத் தாங்கும் எக்ஸ்பான்ஷன் வெசல், அதிர்வு வீட்டுக்குள் வராமல் தடுக்கும் ரப்பர் ஹோஸ் எல்லாம் வழக்கமான ஐட்டங்கள். ஃபில்டரை மட்டும் அவ்வப்போது கழுவ வேண்டும். அடைத்துக்கொண்டால் அந்த 17 லிட்டர் ஓடாது, எர்ரர் காட்டி மெஷின் நின்றுவிடும்.

'பைப்பைத் தொடவே மாட்டோம், ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்' என்று யாராவது கொட்டேஷன் கொடுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்த அறைக்கு எத்தனை மி.மீ. என்று வீட்டுக்காரர் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.