மோட்டார் வண்டியின் மூச்சும் வடிகட்டியின் வடிவமும்

உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் தூய்மையை நாடும் நாம், நம்மைச் சுமந்து செல்லும் மோட்டார் வண்டி உட்கொள்ளும் காற்றைப்பற்றிச் சிந்திப்பதில்லை. ஓர் இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 15 இறாத்தல் காற்று வேண்டும். அக்காற்றோடு புகும் மண்தூள் எண்ணெயிற் கலந்து, அரைக்கும் பசையாகிச் சிலிண்டரின் சுவரைத் தேய்த்துவிடும்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டிகளை இன்றும் நம் நாட்டு வீதிகளிற் காண்கின்றோம். 1990ஆம் ஆண்டிலே தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைக் கொண்டு ஓடியவை இத்தகைய பழைய வண்டிகளே. இவற்றின் பழைய வடிகட்டி பழுதுற்றபின், கையாற் செய்த கூட்டினுள் வேறொன்றைப் பொருத்த முயல்வோர் உளர். தட்டையா, உருளையா, கூம்பா எவ்வடிவம் நன்று என்பதே அவர்தம் வினா.

முதலில் இயந்திரத்தின் தேவையைக் கணிப்போம். 948 கன சதமமீற்றர் கொள்ளளவுள்ள மைனர் இயந்திரம், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளிழுக்கின்றது. நிமிடத்திற்கு 4000 சுழற்சியில் இது 1896 இலீற்றராகும். சிலிண்டர்கள் முழுதும் நிரம்பாமையால் 1500 இலீற்றர் எனக் கொள்ளலாம்.

இத்துணைக் காற்றும் தடையின்றிச் செல்வதற்கு வேண்டியது பரப்பாகும். 6 அங்குல விட்டமும் 2 அங்குல உயரமும் உடைய உருளையின் வெளிப்பக்கம் ஏறத்தாழ 38 சதுர அங்குலமே. அவ்விடத்திலேயே வடிதாளை முக்கால் அங்குல ஆழமுள்ள 100 மடிப்புகளாக அமைத்தால், தாளின் பரப்பு 300 சதுர அங்குலமாகின்றது. தாளினூடு செல்லும் காற்றின் வேகமும் எட்டிலொரு பங்காகக் குறைகின்றது. ஆகவே, வடிவத்தினும் மடிப்பே முதன்மையானது.

வடிவத்தைத் தீர்மானிப்பது இடமேயாகும். உயரம் குறைந்து அகலம் மிகுந்த இடத்திற்குத் தட்டை வடிவம் பொருந்தும். குழாயின் முனையில் ஒடுங்கிய பெட்டி அமையுமிடத்துக் கூம்பு நன்று. அதன் நுனி சிறுத்திருத்தலாற் சுற்றிலும் காற்றுப் பரவ வழியுண்டு. மைனரின் இயந்திர அறையோ விசாலமானது. அதற்கு உருளையே எளிது. எப்பக்கத்திலும் காற்றை ஏற்கும், இரு தட்டுகளுக்கிடையே இறுக்கியும் வைக்கலாம்.

எவ்வடிவமாயினும் மூன்று விதிகளை மறத்தலாகாது. முதலாவது, குளிர்ந்த காற்று. 30 பாகைச் சூட்டிலுள்ள காற்று இயந்திரத்தின் அருகே 60 பாகையை அடைந்தால், அதன் அடர்த்தி நூற்றுக்கு 9 பங்கு குறையும். ஆதலின், கூட்டின் வாயை வண்டியின் முன்புறம் நோக்கி அமைத்தல் வேண்டும். ஆயினும் மாரிவெள்ளம் புகுமளவிற்குத் தாழ்த்தலாகாது. நீர் அமுங்காது, சிலிண்டரினுட் புகுந்தால் இணைப்புத் தண்டையே வளைத்துவிடும். இரண்டாவது, இறுக்கமான பொருத்து. இறப்பர் வளையத்தில் மயிரிழை இடைவெளி இருப்பினும், வடிகட்டியின் பயன் வீணாகும். மூன்றாவது, இயந்திரத்தின் ஆவி வெளியேறும் குழாய். பழைய வடிகட்டியோடு இணைந்திருந்த அதனைத் திறந்தபடி விட்டால், அவ்வழியே தூசி உட்புகும். புதிய கூட்டின் தூய பக்கத்தோடு அதனை இணைத்தல் வேண்டும்.

வேலை முடிந்தபின் சோதனை எளிது. ஐந்நூறு மைல் ஓடியபின், வடிகட்டிக்கும் காபுரேற்றருக்கும் இடையிலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியாற் துடைத்துப் பார்க்க. துணியில் மண்தூள் படிந்தாற் பொருத்திற் பிழையுண்டு. அடைப்பை அறிய விரும்பும் மாணவர், நம் ஆய்வுகூடத்தில் உள்ளது போன்ற நீர் நிரப்பிய வளைகுழாயின் ஒரு முனையை அவ்விடத்தில் இணைப்பாராக. இயந்திரம் விரைந்து ஓடுகையில் நீர்மட்டங்களின் வேறுபாடு முன்னையினும் மிகுமாயின், வடிகட்டியை மாற்றுங் காலம் வந்ததென்க.

விலையுயர்ந்த கூம்பை வாங்கிப் பொருத்துவதனால் மட்டும் வண்டி வலிமை பெறுவதில்லை. போதிய பரப்பு, குளிர்ந்த காற்று, பிழையற்ற பொருத்து என்னும் இம்மூன்றும் அமைந்தால், நம் தந்தையர் ஓட்டிய வண்டியை நம் மக்களும் ஓட்டுவர்.