ஜேபெக் ஆகும்போது படம் எதை இழக்கிறது?

தைப்பூசத்துக்கு முதல்நாள் ஜார்ஜ் டவுன் பினாங்கு வீதியின் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும் நகரத்தார் வெள்ளி ரதத்தின் பளபளப்பையும், அதன் முன்னே சிதறிக்கிடக்கும் தேங்காய் ஓடுகளின் கருமையையும் ஒரே பிம்பத்தில் அடக்க விரும்புகிறவர், காமிராவை ‘ரா’ முறையில் வைப்பதே உசிதம். ரா கோப்பு உண்மையில் படமே அன்று. உணர்கருவியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுள் ஒன்றன் ஒளியை மாத்திரம் அளந்து எழுதிய கணக்கு. 14 பிட் காமிராவில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கிலோ நிறத்துக்கு 256 தான். ஆகவே வெளிச்சத் திருத்தமெல்லாம் ராவிலேயே முடிந்துவிட வேண்டும்.

ஜேபெக்காகச் சேமிக்கும் பொத்தானை அழுத்தியபின் நடப்பதுதான் விசேஷம். மென்பொருள் பிரகாசத்தையும் நிறத்தையும் வெவ்வேறாகப் பிரித்து, நிறநுட்பத்தில் நம் கண் சற்று மந்தமானதால் அதைப் பெரும்பாலும் குறைத்து, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாகவும் விரைவாகவும் மாறும் அலைகளின் கூட்டாக மாற்றுகிறது. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட கணிதம் இது. பின்னர் அவ்வலைகளின் அளவைக் குறிக்கும் எண்களை வகுத்து முழு எண்களாக்கும்போது விரைவாக மாறும் அலைகள் பல பூஜ்யமாகின்றன: கோப்பு சிறுப்பதும் இங்கேதான், மீளாத நஷ்டமும் இங்கேதான். தரத்தை மிகக் குறைத்தால் ரதத்தின் சிற்ப விளிம்புகளில் கொசு மொய்த்தாற்போல் மாசு படரும்.

இடமில்லையென்று ராவை அழித்துவிட்டு, ஜேபெக்கையே மறுபடி மறுபடி திருத்திச் சேமிப்பவர்களின் சிக்கனம் எனக்கு விளங்கியதே இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் அதே வகுத்தல் புதிதாக நிகழ்கிறது.